நுரையீரலில் மின்னிய கல்தூசி

திசுவைச் சோதிக்கும் டாக்டர் நோயாளியைப் பார்க்க வேண்டியதில்லை. நெல்லையில் என்னோடு வேலை பார்த்த திசு டாக்டரம்மா பார்ப்பார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை சரசரக்க வராந்தாவுக்குப் போய், "என்ன வேல பாக்கிய?" என்று கேட்டுவிட்டுத்தான் மைக்ராஸ்கோப்பைத் தொடுவார்.

நான் ஸ்கேன் பார்ப்பவன். நுரையீரலின் மேல்பக்கம் புள்ளிகள் தெரிந்தால் காசநோய் என்று எழுதிவிடுவேன். கங்கைகொண்டான் பக்கத்து ஆள் ஒருவருக்கும் அப்படித்தான் எழுதினேன். மாதக்கணக்கில் மாத்திரை தின்றும் இளைப்பு கூடியதால் திசு எடுத்தார்கள். அதில் காசநோய் இல்லை.

"ஊசி வேற எடத்துல குத்தியிருக்கும்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "வந்து பாருங்க சார்."

மைக்ராஸ்கோப்பில் கல்தூசி மின்னியது.

"கல்லு ஒடைக்க கிரஷர்ல வேல. கேட்டியளா? நீங்க எழுதுனத நம்பி மாத்திரயப் போட்டுட்டு, இன்னைக்கும் அந்தத் தூசியத்தான் குடிக்காரு!"

என்னை வராந்தாவுக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். அந்த ஆள் சிரித்தபடி எழுந்தார். "டி.பி. இல்லையாம்லா சார்? அப்பம் நாளைக்கு வேலைக்குப் போவலாம்லா?"

"சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா.

நான் என் அறைக்குத் திரும்பினேன். உள்ளே போன தூசி இனி வெளியே வராது என்பதை அந்த ஆளிடம் சொன்னது அந்த அம்மாதான்.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, என் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என்ன வேலன்னு கேட்டியளா?"

ஒருநாள்கூட 'சார்' சேர்த்ததில்லை.