ஓடை வரிசை யாருக்கு

நீங்கள் இரண்டு பேரும் இப்போது நாலு பேரை வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டீர்கள். "ஆட்களை எப்படிப்பா நடத்தணும்?" என்று சின்னவள் கேட்டாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான், பாடமாகச் சொல்ல வராது. பெரும்பாறைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தபோது கண்ட ஒரு காலைப்பொழுது மனசில் கிடக்கிறது. அதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. மார்கழியில் அந்தச் சரிவில் விடிவது கண்ணுக்குத் தெரியாது. மூட்டம் மெல்ல வெளுக்கும், அவ்வளவுதான். முதலில் ஆரஞ்சுப் பழ வாசம் வரும், அப்புறம் ஈர மிளகுக்கொடியின் வாசம், அதற்கும் பிறகுதான் மரம் தெரியும். நடப்பது நானா, இல்லை மலைதான் என்னைத் தாண்டிப் போகிறதா என்றிருக்கும். இப்போதும் காய்ச்சலில் படுத்தால் அந்தச் சரிவில்தான் நடக்கிறேன்.

காப்பிப் பழம் பறிக்கும் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேட்டு வரிசைச் செடிகளில் வெயில் விழும், பழம் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். கடைசி வரிசை ஓடையை ஒட்டியது. பழம் குறைவு, கால் வழுக்கும், முழங்கால் வரை அட்டை ஏறும். யாருக்கு எந்த வரிசை என்று சண்டை வரக்கூடாதே. அதனால் காலையில் ஆளுக்கு ஒரு இலை பறித்து வந்து என் கூடையில் போடுவார்கள். ஒருத்தி பலா இலை, ஒருத்தி மிளகு, ஒருத்தி பெரணி. கூடையைக் குலுக்கி, ஒருவர் கண்ணை மூடி எடுக்க எடுக்க, மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக அந்தந்த இலைக்காரருக்கு விழும்.

ஆனால் புதிதாக வந்தவருக்கு மட்டும் இலை கிடையாது. அந்தப் பருவம் முழுக்க ஓடை வரிசைதான். முந்தின வருடம் வந்த குடும்பம் பொங்கலுக்கு முன்பே மலையிறங்கிப் போய்விட்டது.

அந்த வருடம் வந்தது ஓர் அம்மா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பியவர்களில் ஒருத்தி. கணவன் இல்லை, ஒரே மகள். கீழே, திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த முகாமில் பிள்ளைக்கு விடாத காய்ச்சல். மலைக்கு வந்த பிறகுதான் நின்றிருந்தது. பறிக்கிற கூட்டத்தில் நிலைத்தால்தான் தோட்டத்து லயன் வீட்டில் ஓர் அறை, இல்லையென்றால் மறுபடியும் முகாம். "ஐயா, இஞ்சயே நாங்க தங்கிரலாந்தானே?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டது.

மறுநாள் வெள்ளனே கூடையை நீட்டி, "நீங்களும் ஒரு எலை போடுங்கம்மா" என்றேன்.

கூட்டத்தில் வாய் நீளமான ஓர் அக்கா உண்டு. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் மற்றவர்களுக்கும்.

"மேஸ்திரிக்கு இரக்கம் பொத்துக்கிட்டு வருதோ? நாங்கல்லாம் வந்த புதுசுல ஓடைக்குள்ளதான கெடந்தோம்."

"கெடந்தீங்க. நல்லாவா இருந்துச்சு?"

"கடலையே தாண்டி வந்தவுகளுக்கு ஓடை என்ன பெருசு?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா தலை நிமிரவில்லை. அதட்டி அடக்கியிருக்கலாம். மேஸ்திரி அதட்டினால் வாய் மூடும். ஆனால் அதட்டி வாங்கிக் கொடுத்த இடத்தில் அந்த அம்மா எத்தனை நாள் நிம்மதியாக நிற்க முடியும்? பக்கத்தில் நின்ற கொய்யா மரத்தில் ஓர் இலையைக் கிள்ளி நானும் கூடையில் போட்டேன்.

"எனக்கும் ஒரு வரிசை விழட்டும். நானும் பறிக்கிறேன்."

"அப்ப மேஸ்திரி கம்பை யாரு பிடிக்கிறது?"

"ஓடைக்கரையில நட்டு வைங்க. அட்டை அதுல ஏறட்டும்."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்து, நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய், மேலே பச்சையும் அடியில் வெள்ளையுமாக ஓர் இலை கொண்டுவந்தது. "எங்க தோட்டத்திலயும் இந்த மரந்தான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூடையில் போட்டது.

அக்காவையே எடுக்கச் சொன்னேன். பலா வந்தது, பெரணி வந்தது, அவளுடைய மிளகு இலையும் வந்தது. கடைசியில் கூடைக்குள் என் கொய்யா இலையும் அந்த வெள்ளை இலையும்தான். அக்கா கைவிட்டு எடுத்தாள். கொய்யா. ஓடை வரிசை அந்த அம்மாவுக்கே விழுந்துவிட்டது.

"சரி, ஓடைக்கு நான் போறேன்" என்று வாயெடுத்தேன். அந்த அம்மா தடுத்தது.

"வேணாங்கையா. எல்லாருக்கும் போட்ட மாதிரித்தானே எனக்கும் போட்டீங்க. நாளைக்கு மேட்டு நெரை எனக்கு விழாதா?"

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டு இறங்கி மூட்டத்துக்குள் மறைந்தது. அக்கா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூட்டத்தில் ஆள் தெரியாது என்பதால் மேலிருந்து ஒருத்தி 'ஓய்' என்று குரல் கொடுப்பாள். வரிசை வரிசையாக அந்தக் குரல் கீழே இறங்கி, ஓடைவரை போய்த் திரும்பும். கண்ணை மூடினால் மலையே மூச்சு விடுவது போலிருக்கும். என் வரிசை ஓடைக்கு அடுத்தது. கொஞ்ச நேரம் அந்த அம்மாவின் குரல் தனியாக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒருமுறை கீழேயிருந்து இரண்டு குரலாக வந்தது. எட்டிப் பார்த்தேன். ஓடைக்குள் அக்கா நின்றாள்.

"என்ன மேஸ்திரி பாக்குறீக? இவ பச்சைக்காயையும் சேத்து உருவிப்புட்டா. சிவப்பை மட்டும் கிள்ளுன்னா கை நிக்கலையாம்."

"கொழுந்து பறிச்ச கைங்க அக்கா. அதுபாட்டுக்கு ஓடுது."

"ஓடும் ஓடும். வெரசாப் பறிச்சு என்ன, வீணாப் போகுதுல்ல? இங்க பாரு, இப்படித் திருகு. முதல்ல காலைத் தூக்குத்தா, அட்டை ஏறுது."

நான் என் செடிக்குத் திரும்பிவிட்டேன். அங்கே மேஸ்திரிக்குச் சோலி இல்லை. ஆள் வைத்து வேலை வாங்கும்போது, இப்படி நாம் திரும்பி வந்துவிட வேண்டிய நேரமும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் கூடையோடு நின்றேன். எல்லாரும் வந்தும் அந்த அம்மா வரவில்லை. மலையிறங்கிவிட்டதோ என்று லயன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக அக்கா மூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். ஒரு கையில் மிளகு இலை, மறு கையில் வெள்ளையடித்தாற்போல் ஓர் இலை.

"பிள்ளைக்குக் கஞ்சி காச்சிக்கிட்டு இருக்கா, வந்துருவா" என்று சொல்லி, இரண்டையும் என் கூடையில் போட்டாள்.