சர்க்கரை எடுத்துக்கொண்டது

முப்பது வயதிலேயே எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அப்பாவுக்கும் இருந்ததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; நானும்தான். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போய் வருவேன். பாதம் மரத்துப்போனால் கூட்ட நெரிசலால் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணமாகிச் சில வருடங்களில் விறைப்பு பாதியிலேயே தளரத் தொடங்கியது. எப்போதாவது கூடிவந்தாலும் உச்சம் வருவது போலிருக்குமே தவிர, விந்து வெளியே வராது. யாரிடமும் சொல்ல நாக்கு எழவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் பார்த்து ஒரு லேகியம் வாங்கிச் சாப்பிட்டேன். முழுக்க வெல்லம். சர்க்கரை இன்னும் ஏறியதுதான் மிச்சம்.

குழந்தை இல்லாததற்கு அம்மா என் மனைவியைத்தான் கோயில் கோயிலாக அழைத்துப் போனாள். ஊசி, ஸ்கேன் எல்லாம் அவளுக்குத்தான். கடைசியில் அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா என் விந்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். கொடுத்த டப்பாவோடு அறைக்குள் போனவன், வெறும் டப்பாவோடு வெளியே வந்தேன். மனைவி அதைப் பார்த்தாள்.

அங்கிருந்து ஆண்களுக்கான மருத்துவரிடம் அனுப்பினார்கள். சர்க்கரை, பிரஷர், குடி, மனச்சோர்வுக்கு ஏதாவது மாத்திரை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். என் பாதத்தில் எதையோ வைத்துக் குத்தினார்.

"தெரியுதா சார்?"

"இல்ல டாக்டர்."

சிறுநீர்ப் பரிசோதனை முடிந்தபின் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "விந்து உண்டாகுது சார். ஆனா வெளிய வராம பின்னால சிறுநீர்ப்பைக்குள்ள போயிடுது. அத தடுக்கிற நரம்பு சுகர்ல கெட்டுப்போச்சு. விறைப்பு குறையறதுக்கும் சுகர்தான் முக்கிய காரணம். மாத்திரை தரேன். ஆனா போன நரம்பு முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன்."

"அப்போ எனக்கு எதுக்கு டாக்டர் இத்தனை ஊசி?" என்றாள் மனைவி. அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

சிறுநீரிலிருந்து விந்தணுக்களைப் பிரித்தெடுத்து அவள் கருப்பைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கரு நிற்கவில்லை. மறுபடியும் முயன்றார்கள். அதன்பிறகு, "போதுங்க, என் உடம்பு தாங்கல" என்றாள் மனைவி.

அன்று மாலை அம்மா கூடுவாஞ்சேரியில் வேறொரு டாக்டரம்மா இருப்பதாக ஆரம்பித்தாள். "இவளை ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்டா."

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. குறை எனக்குத்தான். சுகராலதான் இப்படி ஆச்சு."

அம்மா சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவா பேசுடா. வெளிய யார்கிட்டயும் இத சொல்லிடாதே. பழி அவமேலயே இருந்துட்டுப் போகட்டும்."

சமையலறையில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.