குடை பிடித்தவரின் பெயர்

எங்கள் லாஸ் வேகாஸ் வெட்கங்கெட்ட ஊர். பழைய ஓட்டலை வெடி வைத்துத் தகர்க்கும். கூடவே வாணவேடிக்கையும் விடும். பத்து வருஷம் கழித்து அதே ஓட்டலின் படத்துக்குக் கண்ணாடி போட்டு நூலகத்தில் மாட்டி, ‘நமது வரலாறு’ என்று எழுதி வைக்கும். எனக்கு வயிறு எரியும்.

அப்படி மாட்டப்போகிற படங்களில் ஒன்றைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டு வெர்லீன் அக்கா என் கதவைத் தட்டினாள். ஒரு சூதாட்ட ஓட்டலின் திறப்பு விழா. வெள்ளைக்காரப் பாடகி ஒருத்தி ரிப்பன் வெட்டுகிறாள். அவள் தலையில் வெயில் படாமல் குடை பிடித்து நிற்பவர் அக்காவின் கணவர் கிளியோஃபஸ். கீழே, ‘குடை பிடிப்பவர்: பெயர் தெரியவில்லை.’

“அவளோட நாய்க்குட்டிக்குக்கூடப் பேரு போட்டிருக்கான் பாருடி ஓசெல்லா” என்றாள் அக்கா.

அந்த ஓட்டலில் அக்கா இருபத்தைந்து வருஷம் அறை அறையாகப் படுக்கை விரிப்பு மாற்றியவள். நான் சலவைப் பிரிவு. கறுப்பர்களான எங்களுக்கு அந்தக் காலத்தில் பின்வாசல்தான். எங்களையும் முன்வாசலில் விடு என்று தெருவில் அட்டை பிடித்தார், அங்கேயே வேலை பார்த்த கிளியோஃபஸ். மறுநாளே சீட்டுக் கிழிந்தது. அதன்பிறகு எந்த ஓட்டலும் அவரைச் சேர்க்கவில்லை. அக்கா புருஷன் பெயரை மறைத்து, தன் அப்பா வீட்டுப் பெயரைச் சொல்லி அதே ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றினாள். அவர் செத்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் அவருக்கென்று மிச்சமிருப்பது அந்தப் படம் ஒன்றுதான். அதில் அவர் பெயர் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

நூலகத்தில் படங்களைக் கவனிக்கும் ஹாட்லி என்ற பெண் மரியாதையாகத்தான் பேசினாள். “போட்டுடலாம்மா. ஆனா எழுபத்தெட்டுல எங்க ஆளு ஒருத்தர் உங்க வீட்டுக்கு வந்து, உங்க பேச்சைப் பதிவு பண்ணியிருக்காரு. இதே படத்தைக் காட்டினப்ப நீங்க வேற மாதிரி சொல்லியிருக்கீங்க.”

அக்காவின் முகம் வாடிவிட்டது. “அவரை எங்கிட்ட அனுப்பினதே ஓட்டல்காரன். நான் யார் பெண்டாட்டின்னு தெரிஞ்சா மறுநாள் வேலை இருக்குமா? என் வீட்டுக்காரரை முடிவெட்டிக்க அனுப்பிட்டுத்தான் பேசவே உக்காந்தேன்.”

“பொய் சொன்னதுக்குக் கேஸ் போடப் போறீங்களா?” என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“ஐயோ, இல்லீங்க. பதிவுல அந்த இடத்தைக் கேட்டுட்டு இப்ப உண்மையைச் சொல்லுங்க. ரெண்டையும் சேத்து வச்சுக்குவோம்.”

நாடாவை ஓடவிட்டாள்.

“இவரு யாருன்னு தெரியுமாம்மா?”

“தெரியாதுங்க. பாத்ததே இல்ல.”

அக்காவின் குரல்தான், இன்னும் தளராத குரல். பிறகு சமையலறைப் பக்கமிருந்து ஒரு ஆணின் இருமல். பின்கதவை யாரோ மெல்லச் சாத்தும் சத்தம்.

ஹாட்லி நிறுத்தப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “திருப்பிப் போடு.”

மூன்று தரம் கேட்டோம். எங்கள் தெருவில் கிளியோஃபஸின் அந்த இருமலை அறியாதவர்கள் கிடையாது.

“அன்னைக்குச் சாயங்காலம் முடி வெட்டிக்காமத்தான் வந்தாரு” என்றாள் அக்கா. “கடையில கூட்டம்னாரு. நானும் நம்பினேன். மீன் பொரிச்சு வச்சேன். நல்லாருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டாரு. அப்புறம் ரெண்டு வருஷம் உயிரோட இருந்தாரே, ஓசெல்லா. ஒரு வார்த்தை கேக்கலையேடி.”

ஹாட்லி பேனாவை எடுத்து, அவர் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். அக்கா மறுபடியும் நாடாப் பக்கம் கை நீட்டினாள். நான்தான் சொன்னேன்.