என் அப்பாவின் மொட்டைக் கடிதங்கள்

அப்பா இறந்து நாற்பத்தேழு நாள் ஆகிறது. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். அதன்பின் பதினேழு வருடம் வீட்டு முன்னறையில் தையல் மெஷின், மின்விசிறி ரிப்பேர் செய்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு வயர் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொழிலில் அவருக்கு 'அரைச்சுத்து' என்று பெயர். மற்றவர்கள் போதும் என்று கையை எடுக்கும் இடத்தில் அவர் நட்டை இன்னும் அரைச் சுற்று முடுக்குவார். அவரோடு ஜோடியாக வேலை செய்தவர் 'ரேடியோ'. வாய் மூடாது. ரேடியோ அப்பாவை அண்ணே என்பார். நான் அவரைச் சித்தப்பா என்பேன். சொந்தமில்லை. ஆனால் எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு லாக் உண்டு. எல்லாக் கதவும் சாத்தியிருந்தால்தான் லிஃப்ட் நகரும். எந்தக் கதவில் கோளாறு என்று தேடும்போது, மெக்கானிக் ஒரு துண்டு வயரைப் போட்டு லாக்கைத் தற்காலிகமாக ஏமாற்றுவார். அதுதான் ஜம்பர். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்தால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் ஓடும். அதனால் எண்ணித்தான் பையிலிருந்து எடுப்பார்கள், எண்ணித்தான் திரும்ப வைப்பார்கள். யாருடையது என்று தெரிய நுனியில் டேப் சுற்றியிருக்கும். அப்பாவுக்கு வெள்ளை. சித்தப்பாவுக்குப் பச்சை.

எனக்குப் பன்னிரண்டு வயதில், சித்தப்பா ஒரு ஜம்பரை எடுக்க மறந்தார். அப்பா மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து வலது காலை உள்ளே வைத்தார். லிஃப்ட் கிளம்பிவிட்டது. பாதத்தின் முன்பாதி போயிற்று.

விசாரணை மேஜையில் அந்த வயரை வைத்தபோது அதில் டேப் இல்லை. சித்தப்பா, "அது அண்ணனோடதுதான் சார்" என்றார். கோப்பில் 'கவனக்குறைவு' என்று எழுதி அப்பாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். பாதம் போனதை அப்பா ஒரு மாதத்தில் ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு சொல்லை ஏற்கவில்லை.

அவர் கத்தவில்லை, குடிக்கவில்லை. வேறொன்று செய்தார். கைத்தடியோடு ஊரில் எங்கே போனாலும், சித்தப்பா பராமரிக்கும் லிஃப்டாகத் தேடி ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு மேலே போய்க் கீழே வருவார். வீட்டுக்கு வந்து கடிதம் சொல்லுவார். நான் டைப் அடிப்பேன். 'இரண்டாம் மாடியில் லிஃப்ட் தரைமட்டத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கீழே நிற்கிறது. கதவுச் சக்கரத்தில் எண்ணெய் இல்லை. மெக்கானிக் வேலை செய்கிறாரா, தூங்குகிறாரா என்று விசாரிக்கவும். இப்படிக்கு, நலம் விரும்பி.' கட்டட உரிமையாளருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று.

"யாரோட நலம்?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்பாள்.

"பொதுமக்களோட."

"பொதுமக்கள் கேட்டாங்களா? மொட்டைக் கடுதாசி எழுதறதுக்கு ஒரு பேரு வேற!"

பதினோரு வருடத்தில் முப்பத்தெட்டுக் கடிதங்கள். முதல் கடிதம் அடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசிக் கடிதம்வரை அது குறைந்ததாக நினைவில்லை.

ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவோம். ஆனால் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து நேரத்தில் அப்பா எழமாட்டார். எல்லோரும் வரிசையாக முன்னே போய் முழங்காலிடுவார்கள். அவர் பெஞ்சில் கைத்தடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை.

"ஏங்க, லிஃப்ட் லிஃப்டா ஏறி எறங்க கால் இருக்கு, அங்க போய் முழங்கால் போட மட்டும் வலிக்குதா?"

ஒரு நாள் போதகரே வீட்டுக்கு வந்தார். அப்பா ஒரு தையல் மெஷினைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்களுக்குத் தெரியாததா?" என்றார் அப்பா. "ஒருத்தன் மேல பகைய வெச்சுக்கிட்டு அங்க வரக்கூடாது. உள்ள கதவு திறந்து கெடக்கு. நான் வந்து முழங்கால் போட்டேன்னா, அது ஜம்பர் போட்டு லிஃப்ட் ஓட்டற மாதிரி."

போதகர் ஜம்பர் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"சரிதான். ஓடக்கூடாத லிஃப்ட நிறுத்தித்தான் வைக்கணும். ஆனா நிறுத்தி வெச்சுப் பத்து வருஷமாச்சே. மெக்கானிக் எப்ப வருவாரு?"

அப்பா மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். போதகர் டீயைக் குடித்துவிட்டு, அப்பாவின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அன்று மாலை அப்பா மேற்கொண்டு இரண்டு கடிதங்கள் சொன்னார். கோபத்தை விட்டுவிட அவர் விரும்பினார். அது அவரை விடுகிறதாயில்லை. விடாமலே செத்துப்போய்விடுவாரோ என்பதுதான் அம்மாவின் பயம்.

அடுத்த வருடம் நான் கருவி அளவீட்டுப் பொறியியல் முடித்து வேலையில் இருந்தேன். எனக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை, ரிப்பேர் முடிந்த தையல் மெஷின் மோட்டாரைக் கொடுக்க அப்பாவோடு போனேன். ஐந்து மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் பல் டாக்டர், நான்காம் மாடியில் தையற்கடை. பழைய லிஃப்ட், கையால் இழுத்துச் சாத்தும் கதவு.

மோட்டாரைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்க லிஃப்டில் ஏறினோம். நான் கதவைச் சாத்துவதற்குள் பட்டனில் என் முழங்கை பட்டது. லிஃப்ட் அசைந்தது. அப்பா பாய்ந்து சிவப்பு ஸ்விட்சை அடித்தார். நான்கு விரல் அளவுதான் இறங்கியிருக்கும். ஆனால் கதவு திறந்திருந்தது.

"வெளிய வா," என்றார். குரல் மாறியிருந்தது.

கீழே இருந்த காவலாளியை மேலிருந்தே கூப்பிட்டு, லிஃப்ட் ஓடாது, யாரையும் ஏற்றாதே என்று சொன்னார். லிஃப்ட் மோட்டார் இருக்கும் மெஷின் ரூம் சாவியைக் கேட்டார்.

"நீங்க யாருங்க?"

"கால்ல பாதிய லிஃப்டுக்குக் குடுத்தவன். சாவியக் கொண்டா."

காவலாளி கொண்டுவந்தார். மெஷின் ரூமுக்கு இரும்புப் படி. அப்பா ஒவ்வொரு படியாக, நல்ல காலை முதலில் வைத்து ஏறினார். மெயினை அணைத்தார். பேனலைத் திறந்தார். உள்ளே ஒரு சிவப்பு வயர் வளைந்து நின்றது. நுனியில் பச்சை டேப்.

நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். டேப் தெளிவாகத் தெரிந்தது. கம்பெனிக்கும் லிஃப்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்கும் அனுப்ப ஒரு தொடுகை போதும்.

"அனுப்பட்டுமாப்பா?"

அவர் படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. கால் வலி என்று நினைத்தேன்.

"இருடி."

"எதுக்கு இருக்கணும்? பதினோரு வருஷமா இதுக்குத்தானே அலைஞ்சீங்க?"

"இதுக்குத்தான். அதான் பயமா இருக்கு." வயரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கீழ பல் டாக்டர்கிட்ட குழந்தைங்க வருது போகுது. எந்த நேரமும் ஒண்ணு மாட்டியிருக்கலாம். அதெல்லாம் எனக்குத் தோணல. பச்சை டேப்பப் பாத்ததும் மொதல்ல எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? சந்தோஷம். மாட்டினான்டான்னு சந்தோஷம். நீயும் நானும் பொழச்சதுக்குக்கூட இல்ல. நான் என்ன மனுஷன் ஆயிட்டேன்?"

எனக்கும் அதே சந்தோஷம் வந்திருந்தது. சொல்லவில்லை.

அவர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜெபம் சத்தமாகத்தான் செய்தார். அழகாக ஒன்றும் இல்லை. "இயேசப்பா, என்னால இத எறக்கி வைக்க முடியல. நானும் பாத்துட்டேன். நீங்களே எடுத்துக்குங்க. இப்பவே எடுத்துக்குங்க, கீழ எறங்கினா மனசு மாறிடும்." கண்ணைத் திறந்து, "அவனக் கூப்பிடு" என்றார். எண் பேனலிலேயே ஒட்டியிருந்தது.

சித்தப்பா அரை மணியில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. படியில் அப்பாவைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டார். ரேடியோ என்று பெயரெடுத்த மனிதருக்குப் பேச்சு வரவில்லை.

"வா," என்றார் அப்பா. "பையில எத்தனை ஜம்பர் இருக்கணும்?"

"ஆறுண்ணே."

"எண்ணு."

சித்தப்பா பையைக் கண்ணருகே கொண்டுபோய் எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். பிறகு பேனலைப் பார்த்தார். வயர் அவர் மூக்குக்கு நேராக இருந்தது. கையால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

"கண்ணு எப்படி இருக்கு உனக்கு?"

"வலதுல பொகை மாதிரிண்ணே. யார்கிட்டயும் சொல்லல."

அவர் வயரை எடுத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு டேப்ப உரிச்சது நான்தாண்ணே. நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்க. எப்படியும் இனி வேலைக்கு வரமாட்டீங்க, ரெண்டு பேரும் எதுக்கு வெளிய போகணும்னு என் புத்தி சொல்லிச்சு. அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். முடியல."

"அந்த மொட்டைக் கடுதாசியெல்லாம் நான்தான்," என்றார் அப்பா.

"தெரியும்ணே. பன்னிரண்டு மில்லிமீட்டர்னு வேற எவன் எழுதுவான்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். பதினோரு வருடத்தில் அந்த மனிதர் முன்னால் அவர் சிரித்தது அப்போதுதான்.

"இங்க பாரு, தம்பி. மன்னிச்சுட்டேன். முழுசா முடிஞ்சுதான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆரம்பிச்சாச்சு, திரும்பப் போக மாட்டேன். கர்த்தர் எனக்கு மன்னிச்சது இதவிடப் பெரிசு. ஆனா இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு நீ இன்னொரு பேனலத் திறக்கக் கூடாது. இன்னைக்கு நடந்தத நீயே போய் கம்பெனில சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லாம வேலைக்கு வந்தா, அப்ப சொல்லுவேன். அது பழி தீர்க்கறதுக்கு இல்ல, ஏறி எறங்கறவங்களுக்காக."

"சொல்றேண்ணே. பழசையும் சேத்து சொல்றேன்."

திங்கட்கிழமை சொன்னார். எழுதியே கொடுத்தார். அவரைக் கம்பெனி உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றியது. அப்பாவின் கோப்பை யாரும் திருத்தவில்லை. பதில்கூட வரவில்லை. அப்பா ஒரு மாதம் தபாலை எதிர்பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

நான் படத்தை உடனே அழிக்கவில்லை. அப்பா ஒருமுறைதான் கேட்டார். "வெச்சிருக்கியா?" "ம்." கேட்ட விதத்தில் குற்றச்சாட்டு இல்லை. இரண்டு வாரம் கழித்து நானே அழித்தேன்.

அந்தச் சனிக்கு அடுத்த நாளே ஆலயத்தில் திருவிருந்துக்கு அப்பா எழுந்து முன்னே போனார். நடுவழியில் கைத்தடி வழுக்கியது. பின்னால் இருந்தவர் பிடித்துக்கொண்டார். அம்மா அழுதாள், பிறகு எல்லோரும் பார்க்கிறார்கள் என்று என்னைத் திட்டினாள்.

எல்லாம் ஒரே நாளில் தீர்ந்ததாக எழுதினால் பொய். குளிர் நாளில் பாதம் வலிக்கும்போது கோபம் திரும்ப வரும். முகத்திலேயே தெரியும். அப்போது அப்பா கையிலிருக்கும் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலை குனிந்திருப்பார். பிறகு எடுப்பார். முதல் வருடம் அநேகமாக வாரம் ஒருமுறை. கடைசி வருடத்தில் நான் பார்த்தது இரண்டு தடவை. எண்ணிக்கை என்னுடையது. அவர் எண்ணியிருக்கமாட்டார்.

வீட்டு ஜெபத்தில் ஒரு பட்டியல் உண்டு. யார் யாருக்காக வேண்டுகிறோம் என்று அப்பா வரிசையாகச் சொல்லுவார். அதில் சித்தப்பாவைச் சேர்த்தார். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியாக. நாளாக ஆக, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில். வியாழக்கிழமைகளில் சித்தப்பா நேரிலேயே வந்துவிடுவார். இரண்டு பேரும் கழற்றிப்போட்ட மெஷினைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போடுவார்கள். "போதும்ணே, மரை போயிரும்!" "உனக்கென்ன தெரியும், இன்னும் அரைச்சுத்து இருக்கு." அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் அவருக்கு முகம் மழித்துவிட்டது சித்தப்பாதான். அந்தப் புகைக் கண்ணோடு, ஒரு கீறல் இல்லாமல்.

அடக்கம் முடிந்த வாரம் அவர் வரவில்லை. அடுத்த வியாழன் வந்தார். முன்னறையில் அப்பாவின் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். அம்மா என்னைப் பார்த்து, "நீ ஜெபம் பண்ணு" என்றாள். அப்பா இருக்கும்வரை அது அவர் வேலை. நான் வீட்டில் சத்தமாக ஜெபித்ததே இல்லை.

தொடங்கினேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு யார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினேழு வருடமும் அப்பா முழுக்காலோடு நடந்திருக்க முடியும் என்ற கணக்கு எனக்குள்ளே ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன். நின்றது.

"சித்தப்பாவுக்காகவும், ஆண்டவரே," என்றேன். "அவர் கண்ணுக்காகவும்."

தரையிலிருந்து குரல் வந்தது.

"என் முட்டி வலிக்கும் சேத்துக்கம்மா. அண்ணன் எப்பவும் முட்டியையும் சொல்லுவாரு."

அம்மா ஜெபம் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டாள். நான் முட்டியையும் சேர்த்துச் சொல்லி, ஆமென் என்றேன்.