தொட்டிக்கு விளக்குக் கேட்டவர்

இதைச் சொன்னால் வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் சங்கையா, மல்லாங்கிணறுக்காரன், எதையும் லேசில் நம்பாதவன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று பகலில் தைரியமாகத் திரிகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். எனக்கு இது நடந்தது உச்சி வேளையில்.

1972, சித்திரை மாதம். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே, கருவேலங்காட்டுக்குள், பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் என் தங்கச்சி புருஷன் கோட்டைச்சாமியும் அங்கே கூலிக்குப் போனோம். துளை போடும்போது குழாய் வழியாகச் சேறு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் சூட்டைத் தணிக்கும், வெட்டிய மண்ணையும் மேலே கொண்டுவரும். வழக்கமாக அதைத் தண்ணீரில் கரைப்பார்களாம். எங்கள் ஊர்க் களிமண்ணோ காணாததைக் கண்டதுபோல் தண்ணீரைக் குடித்து ஊதி, குழாயைக் கவ்விக்கொண்டது. அதனால் தண்ணீருக்குப் பதிலாக டீசலும், சால்வென்ட் என்கிற கரைப்பு எண்ணெயும் ஊற்றிக் கலக்கினார்கள்.

அந்த சால்வென்ட் வாடை தித்திப்பாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும். ஒரு பொறி விழுந்தால் மொத்தக் காடும் போய்விடும் என்பதால் வாசலிலேயே பீடி, தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

அன்றைக்குத் தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. தரைக்குள் புதைத்த ஆழமான இரும்புத் தொட்டி. உள்ளே காற்று அடிக்கிற மிஷின் ரிப்பேர். மதியம் புது லோடு வந்துவிடும், அதற்குள் வழித்துவிடு என்று மேஸ்திரி விரட்டினார். கோட்டைச்சாமி சட்டையைக் கழற்றி கம்பியில் மாட்டினான். கல்யாணத்துக்குப் போட்ட வாட்சை என்னிடம் கொடுத்தான். இடுப்பில் கயிறு கட்டி, கப்பி வழியாக நான் இறக்கினேன். என் தங்கச்சி முத்துலட்சுமி அப்போது எட்டு மாசம். இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று அடிக்கடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். என்ஜினும் நின்றுவிட்டது. கீழே மண்வெட்டிச் சத்தம் மட்டும்... கரக்... கரக்...

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. காக்காய் சத்தம்கூட இல்லை. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே காலை மாற்றி மாற்றி வைத்தேன்.

அப்போது ஒரு வாடை வந்தது. சால்வென்ட் அடிக்கிற இடத்தில் வேறெந்த வாடையும் ஏறாது. இது ஏறியது. முடி கருகும் வாடை.

திரும்பினேன். ஒரு பெரியவர் நின்றார். கோவணம், தலையில் துண்டு, கிணறு வெட்டுகிறவர் மாதிரி. கையில் உறி. உறிக்குள் ஒரு அகல் விளக்கு. ஏற்றாத விளக்கு.

வாசலில் கட்டியிருந்த நாய் குரைக்கவே இல்லை.

"ஏப்பா, விளக்கு இறக்குனீகளா?" என்றார்.

எங்கள் பக்கம் பாழுங்கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன்னால் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் கெட்ட காற்று. எரிந்தால் இறங்கலாம். விவரம் தெரியாத பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் இந்தத் தொட்டியில் அதைச் செய்தால்...

இறக்கவில்லை என்றேன்.

"தீப்பெட்டி குடு. உள்ள தம்பில்ல இருக்கான்."

இல்லை என்றேன். அவர் கம்பியில் தொங்கிய சட்டையைக் காட்டினார். தொட்டுப் பார்த்தேன். பாவி, வாசலில் கொடுக்காமல் பைக்குள் ஒளித்திருக்கிறான். இவருக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டு முப்பத்தைந்து. கீழே சத்தம் நின்றது.

"மாப்ளே..."

கயிற்றை ஆட்டினேன்.

"மாப்ளே!"

கயிறு தொய்ந்து கிடந்தது.

"விளக்கை எறக்கு... தெரிஞ்சுரும்" என்றார். அழுகிறாரோ என்று நினைத்தேன்.

என் கை அவன் சட்டைப் பைக்குள் போனது. சத்தியமாக நானாக விடவில்லை. பழகிய கை, அதுவாகவே போனது. தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியையும் எடுத்துவிட்டேன்...

முத்துலட்சுமி வயிறு ஞாபகத்துக்கு வந்தது.

தீப்பெட்டியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன்.

"விளக்கு வேண்டாங்க. கயித்தைப் பிடிங்க."

அவர் என்னையே பார்த்தார். உறி கீழே விழுந்தது. சத்தமே வரவில்லை.

இழுத்தேன். கனம்... ஒரு ஆள் கனம் இல்லை. இரண்டு ஆள் கனம்.

என் கைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள். கறுத்து, விரலோடு விரல் ஒட்டி...

இழுத்தோம்.

கோட்டைச்சாமி தலை தெரிந்தது. அந்த நொடியில் கயிறு பாதிக்குப் பாதி லேசாகிவிட்டது.

மல்லாக்க விழுந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. விளக்கும் இல்லை.

வாயில் நுரையோடு கிடந்தவனை நிழலுக்கு இழுத்துப்போய் முகத்தில் தண்ணீர் அடித்தேன். சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். அரை மணி கழித்துக் கண் திறந்தான். கீழே இன்னொருத்தனும் இருந்தான், அவனையும் தூக்கிவிடு என்றுதான் முதலில் சொன்னான். தொட்டியில் யாரும் இல்லை.

மறுநாள் கூழ் விற்கும் கருத்தம்மாள் பொழுது ஏறித்தான் வந்தாள். நரிக்குடியில் அவள் தெருவில் ஒரு சாவாம். யார் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"ஐயாத்துரைப் பெரியவருய்யா. இந்தக் காடு அவுகளுதுதான். அண்ணனும் தம்பியும் இதே எடத்துல கிணறு வெட்டுனாக. ஒருநா தம்பி உள்ள நின்னு வெட்டிக்கிட்டு இருக்கைல தலை சுத்துதுன்னிருக்கான். காத்துப் பாக்குறேன்னு அண்ணன் விளக்கை எறக்கியிருக்காரு. பாதாளத்துல இருந்து தீ குபீர்னு கெளம்பிருச்சு. தம்பிய எடுக்கவே முடியல. அணைக்கப் போன இவருக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. கிணத்தை அப்படியே மூடிட்டாக. அந்தத் தீ வந்த சங்கதியக் கேட்டுத்தான எண்ணெய்க்காரவுக இங்க வந்து துளை போடுறாக."

அவர் எப்போது இறந்தார் என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானம், பன்னெண்டே முக்கால் பஸ்ஸு போற நேரம். தீப்பட்ட நாள்ல இருந்து பேச்சே கெடையாது, பாயோட பாயாக் கெடந்தாரு. நேத்துத்தான் எந்திரிச்சு உக்காந்து வாயத் தொறந்தாராம். 'தம்பி மேல வந்துட்டான்'னாராம். அம்புட்டுத்தான், உசுரு போயிருச்சு."