காதுக்குள் போன சதுப்புவண்டு

குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்பது அவள் வேலை. தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கலாக வருகிறது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று நாள் முழுக்க இதே பாட்டுதான். கத்துகிறவர்களைக் கத்தி முடிக்க விடுவாள். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் அவளைப் பொறுமையக்கா என்றார்கள். வீட்டில் அந்தப் பேர் செல்லுபடியாகவில்லை.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், கட்டியவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு தடவை முயன்றார். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வண்டி நகரும் முன்பே அவர் அதை மிதித்தார். நகர்ந்த பிறகு விடாமல் மிதித்தார். "நீங்களே ஓட்டிக்கங்க" என்று நடுரோட்டில் இறங்கியவள் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வழி சொன்னது நாத்தனார். அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு பேக்கரியில் வேலையும் கிடையாது.

"அண்ணி, சதுப்புக்கரைக்குப் போயிடலாம். அங்க ஈ காக்கா இருக்காது. விழுந்தாலும் சேறுதான், அடிபடாது."

"உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"நீங்களும் சொல்ல மாட்டீங்க, நானும் சொல்ல மாட்டேன். அப்புறம் எப்படித் தெரியும்?"

வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லிவைத்தாள். கணவர் தலையை ஆட்டினார்; அவ்வளவுதான்.

கரைமேல் சில வாரம் ஓட்டினாள். நேராகப் போவது வந்துவிட்டது, திரும்புவதுதான் வரவில்லை. ஒரு சனிக்கிழமை திரும்பும் இடத்தில் பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதில் கைப்பிடியை முறுக்கிவிட்டாள். வண்டி கரையைவிட்டு இறங்கிக் கோரைக்குள் போய் நின்றது. அவள் பக்கவாட்டில் விழுந்து, ஒரு கன்னமும் காதும் சேற்றில் புதையக் கிடந்தாள். நாத்தனார் முதலில் சிரித்து ஓய்ந்தாள். பிறகுதான் தூக்கிவிட்டாள்.

அதிலிருந்து வலது காதில் ஒரு குறுகுறுப்பு. யாரோ உள்ளே காகிதத்தைக் கசக்குவதுபோல் இருந்தது. தொலைபேசியில் ஒருவர், "குழாயைத் திறந்தா கரகரன்னு சத்தம் வருதுங்க" என்றார். "ஆமாங்க, எனக்கும் கேக்குது" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

கணவர் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். பயனில்லை. கடைசியில் காது மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்ததைக் கண்ணாடித் தட்டில் வைத்துக் காட்டினார். கடுகில் பாதி இருக்கும், கறுப்பாக ஒரு வண்டு. தட்டின் ஓரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.

"உயிரோட இருக்கே!" என்றார் கணவர்.

"எனக்கும் இது புதுசா இருக்கு. பூச்சி ஆராய்ச்சி பண்றவங்க ஒருத்தங்களத் தெரியும், அனுப்பிப் பாக்கறேன்" என்றார் மருத்துவர்.

காது சரியாகிவிட்டது, அவள் வண்டை மறந்தே போனாள். மழைக்காலம் முடிகிற சமயம் அந்த ஆராய்ச்சியாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். நடுத்தர வயதுப் பெண், காலில் ரப்பர் பூட்ஸ். வண்டின் உடம்பெல்லாம் மெல்லிய ரோமம், தண்ணீர் ஒட்டாது, அதனால்தான் உப்புத் தண்ணீருக்கு மசியவில்லை என்று விளக்கினார்.

"இது ஈரச் சேத்துல மட்டும்தாங்க இருக்கும். நம்ம சதுப்புல இப்ப இல்லவே இல்லன்னு நெனச்சிருந்தோம். நீங்க அங்க எந்த இடத்துக்குப் போனீங்க?"

"சதுப்பா? இவ தையல் வகுப்புக்குத்தாங்க போறா" என்றார் கணவர்.

அவள் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆராய்ச்சியாளர் சங்கடத்தோடு தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

பொய் சொன்னது கணவருக்குப் பெரிதாகப் படவில்லை. சொல்லிக்கொடுத்தது தன் தங்கை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. "அவளுக்கு சைக்கிள் பழக்கிவிட்டதே நான்!" என்று வந்தவரிடமே முறையிட்டார். அந்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். அவளும் சமாதானப்படுத்தப் போகவில்லை. வாரக்கடைசியில் இடத்தைக் காட்ட அவள் நாத்தனாரின் ஸ்கூட்டரைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பியபோது, கேட்காமலேயே காரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ஆராய்ச்சியாளர் அவள் காட்டிய இடத்தில் குப்புறப் படுத்து, சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசினார். வண்டு அங்கே ஏராளமாக இருந்தது. இருவரும் அவரை வேடிக்கை பார்த்தபடி நின்றார்கள்.

"வர்ற வழியில திரும்பும்போது நீ கண்ணாடியப் பாக்கல" என்றார் கணவர்.

"பாத்தேன்."

"பாத்தியா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, அப்ப பரவாயில்ல."

ஆராய்ச்சியாளர் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். கரையை அகலப்படுத்தத் தொடங்கவிருந்த வேலை அதோடு நின்றது; வண்டிகள் போகவும் தடை வந்தது. "நல்ல எடத்தக் கெடுத்துட்டீங்களே அண்ணி" என்று நாத்தனார் புலம்பினாள். ஸ்கூட்டர் உரிமத்துக்கான சோதனையில் பொறுமையக்கா முதல் தடவை காலை ஊன்றித் தோற்றாள். அடுத்த தடவை தேறினாள். ஊரின் மறுகோடியில் இருந்த தன் அக்காளை அதுவரை நல்லது கெட்டதுக்கு மட்டுமே பார்த்துவந்தாள். இப்போது நினைத்தால் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுகிறாள். அக்காளுக்கே சில நாள் அலுத்துப்போய், "உனக்கு வீட்ல வேலையே இல்லியாடி?" என்று கேட்பாள். அவள் அதைக் காதில் வாங்குவதில்லை.