கழுத்தில் துணி கட்டிய குடங்கள்

திருப்பூரில் குடங்களும் பனியன் துணி உடுத்தியிருக்கும். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கலாமென்று, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முதல் வாரமே இதைக் கண்டேன். ஒரே வளவில் எட்டு வீடுகள், வாசலில் ஒரே பொதுக்குழாய். குடங்களின் அடையாளத்துக்கு வீட்டுக்கொரு நிறத்தில் வெட்டுத்துணிக் கழிவைக் கழுத்தில் கட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டு நிறம் பச்சை.

காரணம் உண்டு. தண்ணீர் வாரத்தில் ஓரிரு முறை, அது நினைத்த நேரத்தில் வரும். மற்றவர்கள் ஷிப்டுக்குப் போயிருக்க, அப்போது வீட்டில் இருப்பவர் எட்டு வீட்டுக் குடங்களையும் நிரப்பிவிடுவார். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலோ, குழாயடியில் பேசுவதற்கென்றே தனிக்குரல் வைத்திருப்போம்.

அந்த வளவில் பகலெல்லாம் சும்மா இருந்த ஒரே ஆள் நான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எட்டு வீட்டுக்குத் தண்ணீர் பிடிப்பதா? முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாம். நான் நியாயம் பேசினேன். பொருளியல் பாடம் நடத்தியவன் அல்லவா? வீட்டுக்கு அரைமணி வீதம் கால அட்டவணை எழுதிக் குழாய்க்கு மேலே ஒட்டினேன். இனி அவரவர் குடம் அவரவர் பாடு என்று பச்சைத் துணியையும் அவிழ்த்தெறிந்தேன்.

எதிர்வீட்டுத் தெய்வானைக்குப் பனியனில் தையல் பிசகு கண்டுபிடிக்கும் வேலை. அதே கண்ணோடு அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“எல்லாஞ் சரிங்க. இது தண்ணிக்குத் தெரியுங்களா?”

தெரியவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் வந்தபோது எல்லாரும் கம்பெனியில் இருந்தார்கள். அது என் முறைகூட இல்லை. ஆனாலும் என் நான்கு குடங்களை மட்டும் நிரப்பிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மிச்சத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும் சத்தம் கேட்டது. ரேடியோவைக் கூட்டி வைத்தேன். எட்டாகப் பங்கிட்டதில் ஏழு வீட்டுக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மாலையில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன். தெய்வானை மட்டும் வந்து, சோறு பொங்க ஒரு குடம் கேட்டு வாங்கிப் போனார்.

அந்த வாரமே ஒரு கல்யாணத்துக்காக, காலிக் குடங்களை வாசலில் கவிழ்த்து, வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். திரும்பும் பஸ்ஸில் மருமகள், “தண்ணிக்கு என்ன செய்ய மாமா?” என்று கேட்டாள். தூங்குவதுபோல் இருந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் எங்கள் வாசலில் நான்கு குடங்களும் நிறைந்து நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் புதுப் பச்சைத் துணி.

“உங்க அட்டவணையில ஊருக்குப் போனவங்களுக்குக் கட்டமே இல்லீங்க சாமி,” என்றார் தெய்வானை. “அதான் நாங்களே புடிச்சு வெச்சுட்டோமுங்க.”

அட்டவணையைக் கிழித்தேன். பகலில் வரும் தண்ணீர் அன்றுமுதல் என் பொறுப்பு. மன்னிப்புக் கேட்க இன்னும் வாய் வரவில்லை; குடம் குடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே சொந்த வீடு, வீட்டுக்குள்ளேயே குழாய். ஒரு குடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, சட்டைப் பையில் கிடந்த பச்சைத் துணியை எடுத்து அதன் கழுத்தில் கட்டினேன். பார்க்க வந்திருந்த பழைய மாணவன் சிரித்தான்.

“என்ன சார், கொடத்துக்கு ஜலதோசமா? மப்ளர்லாம் சுத்திருக்கிய.”

மணி பத்தாகியிருந்தது. திருப்பூரில் தண்ணீர் வந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.